கத்தாமல் லைனை நடத்த முடியாதா? ஒரு சூப்பர்வைசரின் கேள்வி

நொய்யல்கரை (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். 11 வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பு லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். 32 மெஷின். கைமடி (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுப்பவர்கள்), செக்கிங் எல்லாம் சேர்த்து 45 பேர். முக்கால்வாசிப் பேர் பெண்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்.

எனக்கு முன்பு இருந்தவர் வாயைத் திறந்தால் மூன்றாவது லைன் வரைக்கும் கேட்கும். தவறாகத் தைத்துத் திரும்பி வந்த ஆல்டரேஷன் பீஸை எடுத்து மெஷின் மேல் வீசுவார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். என்றைக்காவது அந்த இடத்துக்கு வந்தால் ஒருவரையும் இப்படிப் பேசமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். இந்த ஐந்து மாதமும் அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

ஆனால் கணக்கு எனக்கு எதிராக நிற்கிறது. முன்பு மணிக்கு 110 பீஸ் வந்த லைனில் இப்போது 98 தாண்டவில்லை. அதைவிட என்னை உலுக்கியது ஊசிக் கணக்கு. ஏற்றுமதித் துணி தைப்பவர்களுக்குத் தெரியும். ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திச் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் ஸ்டோரில் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு முனை கிடைக்காவிட்டாலும் அங்கே இருந்த பீஸ் முழுவதையும் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். நாங்கள் தைப்பது குழந்தைகள் துணி. துணிக்குள் ஒரு முனை தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் மாதத்துக்கு 9 அல்லது 10 ஊசிதான் பதிவேட்டில் இருக்கும். போன மாதம் 27. முதலாளி பதிவேட்டை என் முன்னால் விரித்துவைத்து, "பயம் விட்டுப்போனால் கவனமும் விட்டுப்போகும். அடியாத மாடு படியாது" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் மகளின் ஆபரேஷனுக்குக் கேட்காமலே முன்பணம் கொடுத்தவர்.

அவர் சொல்வதுதான் உண்மையா? கத்தித்தான் ஆக வேண்டுமா? இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை.

சொந்தப்பட்டறை (செவ்வாய், இரவு 10.05)

தம்பி, உங்கள் முதலாளி இருக்கும் இடத்தில் இருந்து பேசுகிறேன். 14 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன்.

கப்பல் தேதி தப்பினால் சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். அந்தச் செலவில் லாபம் போவதோடு முதலும் கரைந்துவிடும். சரக்கு போகாவிட்டாலும் சனிக்கிழமை சம்பளம் நிற்காது, வங்கி வட்டியும் நிற்காது. மணிக்கு 12 பீஸ் குறைந்தால் ஒரு ஷிப்டில் கிட்டத்தட்ட 100 பீஸ். உங்கள் முதலாளிக்கு ராத்திரித் தூக்கம் வருகிறதா என்று யாராவது கேட்டீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டிப்பில்லாத லைனில் முதலில் நசுங்குகிறவன் ஒழுங்காக வேலை செய்கிறவன்தான். பக்கத்து மெஷின்காரன் செல்போன் பார்ப்பான், இவன் தலைமேல் பண்டல் ஏறிக்கொண்டே போகும். கெட்ட வார்த்தை கூடாது, பீஸை முகத்தில் எறியக் கூடாது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் நீங்கள் இன்னும் மனத்தளவில் டெய்லராகவே இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

இரவுப்பணி (செவ்வாய், இரவு 11.30)

அண்ணா, நான் மதுரையில் செவிலியராக இருக்கிறேன், 17 வருட அனுபவம். உங்கள் 27 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, வேறொரு காரணத்துக்காக.

எமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியர். 1990களில், இன்னும் மாணவியாக இருந்தபோது, மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வார்டுகளில் செவிலியர்கள் தவறு நடந்தால் வாயைத் திறந்து சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். அதை வைத்துத்தான் பிறகு 1999இல், குழுவில் பயமின்றிப் பேசும் நிலைமை பற்றி அவர் எழுதினார்.

ஆகவே என் கேள்வி: உங்கள் லைனில் ஊசி இப்போது அதிகமாக உடைகிறதா, அல்லது உடைந்தது இப்போதுதான் உங்களிடம் வருகிறதா? 32 மெஷின் ஓடும் இடத்தில் மாதத்துக்கு வெறும் 9 ஊசி என்பது நம்பும்படி இருக்கிறதா? தையல் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மருந்து விஷயத்தில் எனக்குத் தெரியும். ஒரு மாதம் முழுக்கத் தவறே பதிவாகாத வார்டு என்றால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

என் கதை ஒன்று. பணிக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், இரவு 10 மணி ஊசியைப் படுக்கை மாற்றிப் போட்டுவிட்டேன். 6ஆம் படுக்கைக்குப் போட வேண்டியதை 9ஆம் படுக்கைக்கு. சிரிஞ்சைத் தட்டில் வைக்கும்போதுதான் சீட்டைப் பார்த்தேன். கை நடுங்கியது. நேராக மேட்ரனிடம் ஓடினேன். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "நோயாளி எப்படி இருக்கிறார்?" எழுந்து நடந்துகொண்டே கேட்டார். டாக்டர் வந்தார், இரவு முழுக்கக் கண்காணித்தோம், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மாலை என்னை உட்காரவைத்து, எப்படி நடந்தது என்று அடி முதல் நுனி வரை கேட்டார். இரண்டு மருந்துத் தட்டுகளும் ஒரே நிறம் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அந்த வாரமே தட்டுகளை மாற்றினார். எனக்கு மெமோவும் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை.

அதே தவறு இன்னொரு வார்டில் நடந்திருந்தால் முதல் கேள்வி "யார் செய்தது?" என்றுதான் வந்திருக்கும். அந்த வார்டில் நான் இருந்திருந்தால் ஓடியிருப்பேனா? இன்றைக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

காங்கேயத்தான் (புதன், காலை 5.50)

மாடு வளர்க்கிற குடும்பம். அந்தப் பழமொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடித்துப் பழக்கிய மாடு சாட்டை கண்ணில் படும்வரை நேராகப் போகும். ஆள் இறங்கி டீ குடிக்கப் போனால் வண்டியோடு வயலில் இறங்கிவிடும். என் தாத்தா பேர் சொல்லிக் கூப்பிட்டே பழக்குவார். அவர் வண்டியில் தூங்கிக்கொண்டே சந்தையிலிருந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

வகுப்பறை (புதன், காலை 8.15)

காங்கேயத்தான் சொன்னதை அப்படியே பரிசோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். வணிக மேலாண்மை கற்பிக்கிறேன், வருடாவருடம் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர் கர்ட் லெவின். சர்வாதிகாரம் மனிதர்களை என்ன செய்கிறது என்பது அவருக்குப் புத்தகக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் லிப்பிட், வைட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1939இல் வெளியானது. பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். குழுவை நடத்திய பெரியவர்கள் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் தானே முடிவெடுத்து உத்தரவிடுவது ஒன்று. சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுப்பது இன்னொன்று. எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நிற்பது மூன்றாவது.

உத்தரவு போடுகிறவர் அறையில் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. அந்தக் குழுக்களில் சிலவற்றில் சிறுவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவனைக் குறிவைத்துத் துன்புறுத்தினார்கள். சில குழுக்கள் அடங்கி ஒடுங்கிப்போயின. கலந்து பேசிய குழுவில் தலைவர் வெளியே போனாலும் பெரிய வித்தியாசமில்லை. எல்லாவற்றிலும் மோசம் மூன்றாவது குழு.

நொய்யல்கரை, நீங்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் உங்கள் லைன் எப்படி ஓடுகிறது? முந்தையவர் போனபோது எப்படி ஓடியது?

மேசைவிளக்கு (புதன், மதியம் 1.20)

அந்த மூன்றாவது குழுவில் நான் இரண்டு வருடம் இருந்தேன். சென்னையில் மென்பொருள் வேலை.

எங்கள் மேலாளர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார், விடுப்புக் கேட்டால் காரணம் கேட்கமாட்டார். ஆனால் எதையும் முடிவெடுக்கமாட்டார். வாடிக்கையாளர் ஒரே வாரத்தில் நான்கு புது வேலைகள் கேட்டால் நான்குக்கும் தலையாட்டிவிட்டு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது" என்பார். எங்களில் இருவருக்குள் யார் எந்தப் பகுதியைச் செய்வது என்று தகராறு வந்தபோது இரண்டு பேரிடமும் தனித்தனியாக "நீங்கள் சொல்வது சரி" என்றார். ஏழு பேரில் நான்கு பேர் ஒரே வருடத்தில் வேலையை விட்டோம். கடைசி மூன்று மாதம் இரவு இரண்டு மணிக்கு மடிக்கணினியை மூடுவேன். அம்மா வந்து விளக்கை அணைப்பார். அந்த மனிதர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

அண்ணா, உங்களைக் குறைசொல்லவில்லை. கத்தவில்லை என்பதோடு நீங்கள் நின்றுவிட்டீர்களா என்று மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

பாடிக்காரர் (புதன், மாலை 6.45)

35 வருடம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வுபெற்றவன். பேச்சை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். தம்பி, மணிக்கு 12 பீஸ் குறைகிறது என்கிறீர்கள். பண்டல் எந்த மெஷினுக்கு முன்னால் குவிகிறது? ஒரே இடத்திலா, பல இடங்களிலா? நாள் முழுக்கவா, மதியத்துக்கு மேலா? இதற்குப் பதில் தெரியாமல் கத்துவதா கொஞ்சுவதா என்று விவாதித்துப் பயனில்லை.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரத்தைப் பாடமெடுத்த டெமிங் 14 கொள்கைகள் வகுத்தார். எட்டாவது, அச்சத்தை விரட்டு என்பது. அவர் இதைக் கருணையால் சொல்லவில்லை. அவர் புள்ளியியல்காரர். பயந்தவன் கொடுக்கும் எண் பொய்யாக இருக்கும், பொய் எண்ணை வைத்து ஒன்றையும் சரிசெய்ய முடியாது என்பது அவர் கணக்கு. அந்த டெமிங் பெயரிலான பரிசை நம் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் வாங்கியபோது, தொழில் வட்டாரத்தில் நாங்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஆட்கள் சரியில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் பிரீமான்ட் கதையைச் சொல்வேன். கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார்த் தொழிற்சாலை அது. ஆட்கள் வேலைக்கு வராமல் இருப்பது, நிர்வாகத்தோடு ஓயாத சண்டை, தரமில்லாத கார்கள் என்று பேரெடுத்து 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் சேர்ந்து, அதே கட்டடத்தில், பெரும்பாலும் அதே பழைய ஆட்களைக் கொண்டு திறந்தார்கள். பழைய நிர்வாகத்தில் எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது. தவறோடு போன காரைக் கடைசியில் வைத்துப் பிரித்துச் சரிசெய்வார்கள். புதிய முறையில் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். தவறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தால் குழுத்தலைவர் ஓடிவந்து உதவ வேண்டும். நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். வெகு சீக்கிரத்தில் அந்த ஆட்களே அமெரிக்காவின் நல்ல கார்களில் சேர்க்கத்தக்கவற்றைச் செய்தார்கள், வேலைக்கும் ஒழுங்காக வந்தார்கள்.

உங்கள் ஊசிப் பதிவேடுதான் உங்கள் லைனின் கயிறு. அதை ஆட்கள் இழுக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். செவிலியர் அம்மா சரியாகப் பிடித்தார்.

சொந்தப்பட்டறை (புதன், இரவு 8.30)

ஐயா, டொயோட்டாவுக்குக் கயிறு கட்டுப்படியாகும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து ரயில் இறங்கி ஆறு வாரம் ஆனவர்கள். அவர்களிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று கலந்துபேசினால் விழிப்பார்கள். இப்படி மடி, இப்படிப் பிடி, இத்தனை பீஸ் முடி என்று சொல்ல வேண்டும்.

வகுப்பறை (புதன், இரவு 9.10)

நீங்கள் சொல்வது நியாயம். ஹெர்சி, பிளாஞ்சர்ட் என்ற இருவர் 1969இல் முன்வைத்த கருத்தும் அதுதான். தலைமைக்கு ஒரே பாணி கிடையாது. வேலை தெரியாதவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கைவந்தவருக்குக் காரணமும் சொல்ல வேண்டும். தேர்ந்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இதில் ஒரு இடத்திலும் அவமானப்படுத்த வேண்டும் என்று வரவில்லை. தமிழே தெரியாத ஒரு பையனுக்குக் கத்தல் மட்டும் புரியும், எதற்காகக் கத்தினார்கள் என்பது புரியாது.

கடைத்தளம் (புதன், இரவு 11.45)

இப்போதுதான் கடை முடிந்து அறைக்கு வந்தேன். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவு. பெயர் வேண்டாம்.

2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2018இல், கேரளாவில் வந்துவிட்டது. அங்கே பெண்கள் போராடி வாங்கினார்கள்.

எங்கள் தளத்திலும் நாற்காலி வந்தது. சிவப்பு பிளாஸ்டிக், பத்துப் பேருக்கு மூன்று. யாரும் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் எங்களில் ஒருத்தி கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்தாள். தள மேலாளர் தூரத்திலிருந்து பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் அவளைக் குடோனில் மூட்டை பிரிக்கும் வேலைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு அந்த மூன்று நாற்காலிகளிலும் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. எனக்குக் காலில் நரம்பு சுருண்டு நீலமாக ஏறியிருக்கிறது. வயது 29.

போன வருடம் வேறு மேலாளர் வந்தார். இந்த அம்மா மிகவும் கண்டிப்பு. ஒரு நிமிடம் தாமதமானால் கையெழுத்துப் போட விடமாட்டார், விலைச்சீட்டு மாறினால் எல்லோர் முன்னாலும் கேட்பார். ஆனால் வந்த இரண்டாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த நாற்காலியில் எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைக் காட்டி என்னைக் கூப்பிட்டு, ஸ்டாக் நோட்டை என் மடியில் வைத்து எழுதச் சொன்னார். இப்போது முறை வைத்து உட்காருகிறோம்.

நொய்யல்கரை அண்ணா, எங்களுக்குக் கண்டிப்பு பயமில்லை. இந்த அம்மா எதற்குக் கோபப்படுவார் என்று எங்களுக்குத் தெரியும். பழையவருக்கு எது எப்போது பிடிக்காது என்று தெரியாது.

நொய்யல்கரை (வியாழன், இரவு 9.20)

பதில் எழுதிய எல்லோருக்கும் கைகூப்பு. ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்தேன்.

பாடிக்காரர் ஐயா, நீங்கள் கேட்டதை இன்று மணிக்கொரு முறை நின்று பார்த்து எழுதினேன். பண்டல் குவிவது ஒரே இடத்தில். கழுத்து ரிப் (கழுத்தோரப் பட்டி) வைக்கும் மெஷின். அதற்கு முன்னால் 60, 70 பீஸ் குவிந்து கிடக்க, அதற்கு அடுத்த மெஷின்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ஏற்கனவே தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா. 50 தாண்டிவிட்டது, கண் முன்பு போல இல்லை. மதியத்துக்கு மேல் வேகம் குறைகிறது. அவரை வேறு மெஷினுக்கு மாறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் மனம் புண்படும் என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன். அதனால் முழு லைனும் அடிவாங்குகிறது. முந்தையவர் அக்காவைக் கண்டபடி திட்டுவார், ஆனால் மதியம் ஆனால் ஒரு மாற்று டெய்லரை அங்கே கொண்டுவந்து போடுவார். 110 வந்தது அந்த மாற்று டெய்லரால். கத்தலால் வந்தது என்று முதலாளியும் நினைத்தார், நானும் நினைத்துவிட்டேன்.

மேசைவிளக்கு, நீங்கள் கேட்ட கேள்வி என்னை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

ஊசிநூல் (வியாழன், இரவு 10.50)

நானும் தையல் வேலைதான், ஊர் வேறு. எட்டு வருடம் ஏற்றுமதித் துணி தைத்தேன். இதை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. உங்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் லைனில் ஊசி உடைந்தால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பார். பத்து நிமிடம் போகும், அந்த மணிக்கான கணக்கு குறையும், அதற்கு இன்னொரு திட்டு. அதனால் நாங்கள் சொந்தக் காசில் ஊசி வாங்கி வைத்துக்கொண்டோம். உதிரிபாகக் கடையில் அதே நம்பர் கிடைக்கும். நான் ஊசிகளைத் தீப்பெட்டியில் வைத்து, தீப்பெட்டியைச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்திருப்பேன். உடைந்தால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாற்றிவிடுவேன். கையில் கிடைத்த துண்டை அதே தீப்பெட்டியில் போட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் சாக்கடையில் கொட்டிவிடுவேன். கையில் கிடைக்காத துண்டு எங்கே போயிற்று என்று தேட நேரம் இருக்காது.

கடைசியில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது, பிடித்துவிடும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அப்போது என் பையனுக்கு ஒரு வயது. அவனுக்குச் சட்டை போடும்போதெல்லாம் உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்ப்பேன்.

எங்கள் லைனின் பதிவேட்டிலும் மாதத்துக்கு ஒன்பது பத்துதான் இருந்தது. ஆடிட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து எங்கள் சூப்பர்வைசரைப் பாராட்டினார்கள்.

இரவுப்பணி (வெள்ளி, காலை 6.10)

அக்கா, இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் படித்தேன். சொன்னதற்கு நன்றி.

ஓய்வூதியர் (வெள்ளி, காலை 10.30)

வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்ததும், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பத்திரிகையாளருக்குப் பதில் சொல்ல வைக்காமல் தானே பொறுப்பேற்றதும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமைப் பேசச் சொல்லிவிட்டு ஒதுங்கியதும் எல்லோருக்கும் தெரியும். அதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஏவுவதற்குச் சற்று முன்பு கணினி நிறுத்தச் சொன்னது. நிபுணர்களின் கருத்தைக் கேட்டு, அதை மீறி ஏவலாம் என்று முடிவெடுத்தவர் தாமே என்று கலாம் பிற்காலத்தில் மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார். ஆக, தவன் காப்பாற்றியது தவறு செய்யாத ஒருவரை அல்ல. காப்பாற்றியதால் நடந்தது என்ன? இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு கசிந்து அமிலம் வெளியேறியதுதான் காரணம் என்று உள்ளே இருந்தவர்களே கண்டுபிடித்தார்கள், சரிசெய்தார்கள், 11 மாதத்தில் மறுபடி ஏவினார்கள். அன்று வெளியே ஒரு தலையை உருட்டியிருந்தால், உள்ளே ஒவ்வொருவரும் தன் காகிதத்தைத் தான் பத்திரப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

என் கிளையில் காசாளருக்கு மாலையில் பணம் குறைந்தால் அவர் கைக்காசைப் போட வேண்டும். அது விதி, மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அவர் எண்ணும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். எட்டு மணி ஆனாலும் எழுந்து போனதில்லை. இதை விட்டால் பெரிதாக ஒன்றும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

சொந்தப்பட்டறை (வெள்ளி, மதியம் 2.00)

ஊசிநூல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் பட்டறைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். போன மூன்று மாதத்தில் நான்கு ஊசி. 14 மெஷினுக்கு. இத்தனை நாள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

நொய்யல்கரை தம்பி, செவ்வாய்க்கிழமை நான் எழுதியதில் டெய்லராகவே இருக்கிறீர்கள் என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை அல்ல.

நொய்யல்கரை (அடுத்த வாரம், சனி, இரவு 10.15)

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று விஷயம் நடந்தது.

திங்கள் காலை மெஷின் ஓடுவதற்கு முன்பே அக்காவை டீக்கடைக்கு அழைத்துப்போய்ப் பேசினேன். "அக்கா, ரிப் மெஷினில் மதியத்துக்கு மேல் பண்டல் நிற்கிறது. உங்களை மாற்ற வேண்டும்" என்று நேராகச் சொன்னேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளா? கண் எரிகிறது, நானே எப்படிக் கேட்பது என்று இருந்தேன்" என்றார். இப்போது காலையில் ரிப், மதியத்துக்கு மேல் ஒடிசாப் பெண்கள் இரண்டு பேருக்கு ரிப் பழக்குகிறார். மொழி தெரியாது, கையைப் பிடித்துக் காட்டுகிறார். வெள்ளிக்கிழமை மணிக்கு 107 வந்தது. இன்று 105.

இரண்டாவது. செல்போன் விஷயம். இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷினில் உட்கார்ந்தால் போன் பையில் இருக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார், பரவாயில்லை. அவருக்கு அடுத்த மெஷின்காரர் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இதுவரை உட்கார்ந்ததில்லை.

மூன்றாவது ஊசி. புதன்கிழமை ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்தேன். ஒடிசா ஆட்களுக்கு அவர்களில் ஒருவரே சொல்லிப் புரியவைத்தார். "யாரிடமாவது வெளியில் வாங்கிய ஊசி இருந்தால் நாளைக் காலைக்குள் செக்கிங் மேசையில் இருக்கும் டிபன்பாக்ஸ் மூடியில் போட்டுவிடுங்கள். யார் போட்டது என்று பார்க்கமாட்டேன். இனி ஊசி உடைந்தால் என்னைக் கூப்பிடுங்கள். தேடும் பத்து நிமிடம் உங்கள் கணக்கில் வராது, என் கணக்கில் வரும்" என்றேன். சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒன்றும் வராது என்றுதான் நினைத்தேன்.

வியாழன் காலை மூடியில் 61 ஊசி இருந்தது. சில புதிது, சில காகிதத்தில் சுற்றியது. ஏழு எட்டு உடைந்த துண்டுகளும் இருந்தன. அவற்றில் மூன்று முனையில்லாதவை. அந்தத் துண்டுகள் எந்த மாதத்தில் உடைந்தவை என்று யாருக்கும் தெரியாது. எனக்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று. பதினோரு வருடம் அதே லைனில் உட்கார்ந்திருந்தவன் நான். என் பையிலும் ஒருகாலத்தில் நான்கு ஊசி இருந்தது. செவ்வாய்க்கிழமை உங்களிடம் கேள்வி கேட்டபோது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மூடியை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மேசையில் வைத்தேன். கதையைச் சொன்னேன், என் நான்கு ஊசி உட்பட. அவர் வெகுநேரம் பேசவில்லை. முனையில்லாத ஒரு துண்டை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். பிறகு மெட்டல் டிடெக்டர் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று கேட்டுப் போன் போட்டார். நான் எழுந்தபோது, "பதிவேட்டை இனி எனக்குத் தினமும் கொண்டுவா" என்றார். எண் குறைய வேண்டும் என்று சொல்லவில்லை.

ஊசிநூல் (சனி, இரவு 10.40)

அந்த 61 ஊசியும் அவர்கள் சொந்தக் காசில் வாங்கியது. முதலாளியிடம் சொல்லி அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். யார் யாருடையது என்று கேட்காமல், 45 பேருக்கும் சமமாக.

நொய்யல்கரை (சனி, இரவு 10.52)

திங்கட்கிழமை கேட்கிறேன், அக்கா.